தினமும் உடன் வரும் சின்னக் காமிரா

நம் வீடுகளில் உள்ள பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். திருமணப் படம் இருக்கும். காதணி விழாப் படம் இருக்கும். புதுநன்மை வாங்கிய அன்று கையில் மெழுகுதிரியுடன் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படமும் இருக்கும். ஆனால் பாட்டி கார் பருவத்தில் வயலில் நாற்று நட்ட படம் இராது. அம்மா திண்ணையில் அமர்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிய படம் இராது. பெரியப்பா வாய்க்காலில் மாடு குளிப்பாட்டிய படம் இராது. அவர்களுடைய வாழ்நாளில் பெரும்பகுதி இவ்வேலைகளிலேயே கழிந்தது. எனினும் ஆல்பத்தை மட்டும் பார்க்கும் பேரப்பிள்ளை, இவர்கள் எந்நேரமும் பட்டுடுத்தி விறைப்பாக நின்றுகொண்டிருந்தவர்கள் என்றுதான் எண்ணும்.

காரணம் எளிது. காமிரா விசேஷ நாளுக்கு உரிய பொருளாக இருந்தது. வைத்திருந்த ஒரு சில வீடுகளிலும் அது பீரோவுக்குள் துணியில் சுற்றிக் கிடந்தது. வேலை நடக்கும் இடத்தில் காமிரா இல்லை. காமிரா வந்த நாளில் வேலை நடக்கவில்லை. ஆகவே தினமும் நம்முடன் வரக்கூடிய ஒரு சின்னக் காமிராவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, வடகரை, தென்காசி, குற்றாலப் பகுதியில் வாழும் நம் நிலைமைக்கு ஏற்ப இங்கே பார்ப்போம்.

புகைப்படக் கருவி தொடக்கத்தில் மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டிய சுமையாக இருந்தது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தபோது, பெரிய மரப்பெட்டிக் காமிராவும் மருந்துகளும் உடன் செல்ல வேண்டியிருந்தன. இந்தப் பளுவிலிருந்து உலகை விடுவித்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கர் பர்னாக். ஆஸ்துமாவால் வருந்திய அவருக்குப் பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏற இயலவில்லை. சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு காமிரா ஒன்றை அவர் அமைத்தார். அதுவே 1925-இல் ‘லைக்கா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அத்தகைய சிறு காமிராவுடன்தான் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். இரமண மகரிஷியின் இறுதி நாட்கள் அவருடைய படங்களில் நிலைத்துவிட்டன.

இதற்கு நேர்மாறாகவும் ஒருவர் நம் பக்கத்தில் பிறந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்து காட்டுயிர் ஆய்வாளராகப் புகழ் பெற்றவர். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். யானையை எடுக்கக் காட்டுக்குப் போகிறவருக்கு அது சரி. காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் நமக்கு அது ஆகாது.

சாதாரணக் குடும்பத்தின் கைக்குக் காமிரா எட்டியது பின்னரே. பரோடாவில் தயாரான ‘அக்ஃபா கிளிக் 3’ நம் நாட்டில் பல வீடுகளுக்குச் சென்றது. 1960-இல் தொடங்கப்பட்ட உதகையின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தயாரித்தது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. 1972-இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட ‘பாக்கெட் இன்ஸ்டமேட்டிக்’ உண்மையிலேயே சட்டைப்பையில் அடங்கியது. ஆனால் அதன் நெகட்டிவ் 13க்கு 17 மில்லிமீட்டர்தான். பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாக உடையும். கருவி சிறுத்தால் படமும் நலிகிறது என்ற இந்தத் தொல்லை இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் வேறு உருவில் தொடர்கிறது.

“கைபேசியில்தான் காமிரா இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?” என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. வெளிச்சத்தில் நிற்கும் ஒருவரை எடுக்க இன்றைய நல்ல கைபேசி தாராளமாகப் போதும். வீட்டில் அப்படி ஒன்று இருந்து, வேறு செலவுகளும் காத்திருந்தால், காமிரா வாங்காமல் இருப்பதே அறிவுடைமை. ஆனால் கைபேசி பெரும்பாலும் அப்பாவினுடையது அல்லது அண்ணனுடையது. அதைப் பள்ளிக்குக் கொண்டுவர இயலாது. படமெடுக்கக் கையில் எடுத்தால் பத்துச் செய்திகள் குறுக்கே வரும். காமிராவோ ஒரே வேலை செய்யும். அதில் எடுத்த படம், நாமாக அனுப்பினாலன்றி, ஊர் முழுதும் பரவுவதுமில்லை; பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் இது சிறிய அனுகூலமன்று. சில காமிராக்களில் வைஃபை வசதி உண்டு. அதை அணைத்து வைக்கலாம். பள்ளிக்குக் காமிராவைக் கொண்டுவரவும் தலைமையாசிரியையின் அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேர்வு செய்கையில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. கடைக்காரர் வேறு எதையாவது சொல்லித் தொடங்குவார். நாம் அளவிலிருந்தே தொடங்குவோம். எளிய சோதனை ஒன்று உண்டு. நம் ஜியாமெட்ரி பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நீளத்தில் மிகாமல், எடை கால் கிலோவுக்கு அருகில் இருந்தால், அந்தக் காமிரா தினமும் பையில் வரும். அரைக் கிலோவைத் தாண்டினால் முதல் வாரம் வரும். இரண்டாம் வாரம், “இன்று புத்தகம் அதிகம்” என்று வீட்டில் தங்கும். மூன்றாம் வாரம் பீரோவுக்குள் போகும். எவ்வளவு உயர்ந்த லென்ஸ் இருந்தாலும் பீரோவுக்குள் இருந்து படமெடுக்க முடியாதன்றோ!

அடுத்தது ஒளி. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சாரல் பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் அருகருகே வையுங்கள். இரண்டின்மேலும் ஒரே சாரல்தான் விழுகிறது. ஆனால் வாய் அகன்ற அண்டாவிலேயே அதிகத் தண்ணீர் சேரும். காமிராவுக்குள் படச்சுருள் இருந்த இடத்தில் இன்று ‘சென்சார்’ என்னும் ஒளியுணர் தகடு இருக்கிறது. அதன் பரப்புத்தான் அந்தப் பாத்திரத்தின் வாய். விலை குறைந்த சின்னக் காமிராக்களில் இத்தகடு ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ‘ஓர் அங்குலம்’ என்று வணிகப்பெயர் பெற்ற தகடு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பு 116. அதாவது நான்கு மடங்கு. ‘ஏபிஎஸ்-சி’ எனப்படும் தகடு 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், பரப்பு 367, ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு. (ஓர் அங்குலம் என்ற பெயரை நம்பி அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமே. பழைய தொலைக்காட்சிக் குழாய் அளவிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.)

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்? ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் மேகம் கவிந்தால் பகல் பதினொரு மணியும் மாலைபோல் மங்கிவிடும். நம் பழைய வீடுகளின் அடுக்களையோ நடுப்பகலிலும் இருட்டு. ஆல்பத்தில் இல்லை என்று மேலே கூறிய படங்களில் பலவும் இத்தகைய மங்கிய இடங்களில் எடுக்கப்பட வேண்டியவை. தகடு சிறிதாயின் காமிரா ஒளியைச் சேர்க்கத் திணறி, படம் முழுதும் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்; அல்லது நெடுநேரம் திறந்திருந்து, கை அசைவால் முகம் கலங்கிவிடும். லென்ஸின் வாயையும் பார்க்க வேண்டும். எஃப் 1.8 என்று குறித்த லென்ஸ், எஃப் 2.8 என்று குறித்ததைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். எண் குறையக் குறைய வாய் பெரிது. கணக்குப் பாடத்தில் பின்னங்களைப் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

மெகாபிக்சல் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. ஆல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், 1800-ஐ 1200-ஆல் பெருக்க 21,60,000 புள்ளிகள் வருகின்றன. அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். சுவரில் மாட்டும் 12க்கு 8 அங்குலப் படத்துக்கும் 86,40,000 புள்ளிகள் போதும். ஆகவே 12 மெகாபிக்சல் உள்ள காமிராவை, 48 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்றொன்றுடன் ஒப்பிட்டுத் தாழ்வாக நினைப்பதற்கு இடமில்லை. சிறு தகட்டில் அதிகப் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது என்பதே உண்மை.

இனி நம் ஊருக்கே உரிய பகை: ஈரம். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் எதிரில் நின்றால் நாம் குளிக்காவிட்டாலும் காமிரா குளித்துவிடும். அருவித் துளிகள் காற்றில் மிதந்து வந்து லென்ஸின்மேல் படிகின்றன. சாதாரணச் சின்னக் காமிராவில் பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் குழாய்போல் முன்னே நீள்கிறது. அணைத்ததும் உள்ளே போகிறது. அந்தக் குழாயின் இடுக்கு வழியே ஈரமும், பையின் அடியில் கிடக்கும் தூசியும் பென்சில் சீவலும் உள்ளே நுழையும். நாளடைவில் குழாய் பாதியில் சிக்கிக்கொள்ளும். சின்னக் காமிராக்களை முடக்கும் முக்கியக் கோளாறுகளில் இது ஒன்று. சிறு துணிப்பை ஒன்று தைத்து அதனுள் காமிராவை வைத்தால் இதில் பாதி தீரும். தையல் வகுப்பில் கற்றது இங்கே உதவட்டும்.

மற்றொரு கேடு பூஞ்சை. ஈரக்காற்றுள்ள இடத்தில் பல மாதம் மூடிக் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் படரும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் மீட்பது கடினம். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது பாதுகாப்பு என்று பலர் கருதுகின்றனர். தோல் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அது பூஞ்சைக்கே வசதி. இறுக மூடும் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் மணிகளுடன் வைப்பதே நல்லது. நீல நிற மணிகள் ஈரம் உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறும். மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். வேதியியல் ஆய்வகத்தில் கோபால்ட் உப்பின் நிறமாற்றத்தைப் பார்த்த மாணவியர் இதை உடனே புரிந்துகொள்வர். அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டா. அரிசி மாவு லென்ஸுக்குள் போகும். எல்லாவற்றையும்விட, தினமும் வெளியே எடுத்துக் காற்றும் வெளிச்சமும் காட்டுவதே சிறந்த மருந்து. அன்றாடம் பயன்படும் காமிராவில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.

இவ்வளவும் அறிந்தபின் சில காமிராக்களைப் பெயர் சொல்லிப் பார்க்கலாம். 2012-இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 ஓர் அங்குலத் தகடு கொண்டது; எடை 240 கிராம்; எஃப் 1.8 லென்ஸ், தூரத்தை அருகில் இழுக்கும் ஜூம் வசதியும் உண்டு. இருட்டு அடுக்களைக்கும் பள்ளி ஆண்டு விழா மேடைக்கும் நன்கு பொருந்தும். ஆனால் குழாய் லென்ஸ். ஈரத்தில் காக்க வேண்டும். 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, ஏபிஎஸ்-சி தகட்டை 257 கிராமுக்குள் அடக்கியது. படத்தின் தெளிவு வியக்கத்தக்கது. ஜூம் கிடையாது; வேண்டுமானால் நாமே நாலடி முன்னே நடக்க வேண்டும். ஃபிளாஷும் கிடையாது. விலையோ ஒரு குடும்பம் பலமுறை யோசிக்க வேண்டியது. ஒலிம்பஸ் வரிசையில் வந்து, 2023-இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வெளியான டிஜி-7, 15 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் தாங்கும். லென்ஸ் வெளியே நீளாது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. தகடு மட்டும் முதலில் கூறிய சிறிய அளவு.

இம்மூன்றில் நம் ஊருக்கு எது? ஒரே ஒன்றுதான் என்றால், மாணவிக்கு நான் மூன்றாவதையே சொல்வேன். இருட்டில் அதன் படம் சற்று மணல் தட்டும், உண்மைதான். ஆனால் சாரலிலும் வயல் வரப்பிலும் அஞ்சாமல் வெளியே எடுக்கலாம். நனைந்துவிடுமோ என்று பையிலேயே வைத்திருக்கும் உயர்ந்த காமிராவைவிட, நனைந்துகொண்டே எடுக்கும் நடுத்தரக் காமிரா மேல். ஆசிரியையருக்கும் பெற்றோருக்கும் முதலில் கூறியது பொருந்தும்.

புதிதாக வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டா. 2005-க்கும் 2015-க்கும் இடையில் வந்த சின்ன டிஜிட்டல் காமிராக்கள் உறவினர் வீட்டு அலமாரிகளில் உறங்கிக் கிடக்கின்றன. சித்தியிடமோ மாமாவிடமோ கேட்டால் மகிழ்ச்சியோடு தருவர். வாங்கும் முன் லென்ஸ் தடையின்றி நீண்டு திரும்புகிறதா என்று பாருங்கள். டார்ச் வெளிச்சத்தை லென்ஸின்மேல் அடித்து வலைபோன்ற இழை இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அந்த வகை பாட்டரியும் சார்ஜரும் இப்போதும் கிடைக்கின்றனவா என விசாரியுங்கள். மிகப் பழைய காமிராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி அட்டையை ஏற்பதில்லை. எக்ஸ்டி அட்டை கேட்கும் காமிராவைத் தவிர்ப்பது நல்லது. அந்த அட்டையைத் தேடியே அலைய நேரிடும்.

வாங்கிய பின் கற்க வேண்டியவை பல இருப்பினும் ஒன்றை மட்டும் கூறுகிறேன். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை உடுப்பு அணிந்த நம் அருட்சகோதரியர் நால்வரைச் சேர்த்து நிறுத்தி எடுத்தால், “இவ்வளவு வெள்ளை ஆகாது” என்று அது ஒளியைக் குறைத்துவிடும். உடுப்பு அழுக்கேறியதுபோல் தெரியும், முகங்கள் கருத்துப்போகும். பின்னர் சகோதரியர் படத்தைப் பார்த்து மகிழமாட்டார்கள்! கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானில் கூட்டல் ஒன்று வைத்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். நுரைத்து விழும் அருவி படம் முழுதும் நிறைந்திருக்கும்போதும் இதே முறைதான்.

அருவி என்றதும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. குளிக்கும் எவரையும் எடுக்கலாகாது. நம் தோழியரே ஆனாலும் சரி. நம்மை எவரேனும் அவ்வாறு எடுப்பதாகத் தெரிந்தால் அஞ்சி ஒதுங்காமல் அருகிலுள்ள காவலரிடமும் உடன் வந்த பெரியவர்களிடமும் உடனே சொல்ல வேண்டும். பிறர் பார்க்கமாட்டார்கள் என்று நம்பும் தனிமையில் இருக்கும் பெண்ணைப் படமெடுப்பது 2013 முதல் இந்தியச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மற்ற இடங்களில், “ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டதும் ஆச்சி தலையைக் கோதிக்கொண்டு விறைப்பாக நிற்பார். ஒன்று அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் தம் வேலைக்குத் திரும்புவார். நமக்கு வேண்டிய படம் அப்போதுதான் கிடைக்கும்.

எதை எடுப்பது என்று தயங்க வேண்டியதே இல்லை. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து சென்ற மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்றது. அகலப் பாதை 2018-இல்தான் திறந்தது. தென்காசிக் கோபுரம் பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்று, 1990-இல்தான் இன்றைய உருவம் பெற்றது. அந்த வண்டியின் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்களும், மொட்டைக் கோபுரத்தின் அடியில் விளையாடியவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவற்றின் முன் அவர்கள் நின்ற படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? அடவிநயினார் அணையிலிருந்து தண்ணீர் வரும் நாள், களத்துமேட்டில் நெல் தூற்றும் அத்தை, பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் ஆச்சி, இவர்களும் அப்படித்தான் ஆவர்.

எடுத்த படங்களை மாதம் ஒருமுறை கணினியிலும், தனியாக வேறொன்றிலும் ஏற்றி வைக்க வேண்டும். ஒரே அட்டையில் விட்டுவைத்தால் அட்டை கெட்ட அன்று எல்லாம் போய்விடும். ஆண்டுக்கு இருபது படங்களாவது தேர்ந்து ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். ‘அத்தை’ என்று மட்டும் எழுதினால் போதாது. நாற்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர், யாருடைய அத்தை என்று கேட்பார். முழுப்பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.